ஃபேனை டைரக்ட் பண்ணிட்டேன் சார்

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் கார் மெக்கானிக் கடைகளில் ஒரு வாசகம் அடிக்கடி காதில் விழும். "ஃபேனை டைரக்ட் பண்ணிட்டேன் சார். இனிமே ஹீட் பிரச்சினையே வராது." வண்டிக்காரர் சில நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். சில வண்டிகளில் கூடவே இன்னொரு வைத்தியமும் நடந்திருக்கும். "வால்வையும் கழட்டிட்டேன் சார். அது குளிர் நாட்டுக்காரனுக்கு வச்சது, நமக்குத் தேவையில்லை." வால்வு என்று அவர் சொல்வது தெர்மோஸ்டாட்டை.

இந்த இரண்டு வைத்தியமும் தவறு என்பது என் கருத்து. நான் இன்ஜினியர் இல்லை. அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஆனால் ஒரு கட்டுப்பாட்டை எதற்காக வைத்தார்கள் என்று தெரியாமல் அதை எடுத்துவிடக் கூடாது என்பது கோப்பு தள்ளியவனுக்கும் தெரியும். காரின் ஃபேன் யார் சொல்லி ஓடுகிறது, யார் சொல்லி நிற்கிறது என்று புரிந்துகொள்ள பட்டம் எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம் போதும். அதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் சூட்டைப் பற்றி. இன்ஜினுக்குச் சூடு ஆகாது, எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. டைரக்ட் வைத்தியத்துக்கு வேர் இந்த எண்ணம்தான். பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. மிச்சம் இன்ஜினின் உலோகத்தில் இறங்குகிறது. அந்தச் சூட்டைத்தான் கூலன்ட் அள்ளிக்கொண்டு போய் ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது.

ஆனால் எல்லாச் சூட்டையும் ஒப்படைத்துவிடக் கூடாது. இன்ஜின் 90 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வேலை செய்வதற்காகவே வடிவமைக்கப்பட்டது. அதற்கு வெகுவாகக் கீழே ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எண்ணெயில் சேரும் ஈரமும் வெளியேறாது. தேய்மானம் கூடும், மைலேஜ் குறையும். நம் உடம்புக்கு 37 டிகிரி எப்படியோ அப்படித்தான் இன்ஜினுக்கு 90. காய்ச்சலும் ஆகாது, ஜில்லிட்டுப் போவதும் ஆகாது.

90 டிகிரி என்றதும் பயம் வரும். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடுமே என்று. இங்கேதான் ரேடியேட்டர் மூடியின் வேலை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பௌதிக வகுப்பில் 'மர்மித் த பாப்பேன்', அதாவது பாப்பேனின் பானை, தவறாமல் வரும் பாடம். தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் செய்த அழுத்தப் பானை அது. மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடும் ஏறும். நம் வீட்டு பிரஷர் குக்கர் அதன் பேத்தி என்றால் ரேடியேட்டர் மூடி அதன் பேரன். பல கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இத்தனை பார் வரை உள்ளே தாங்கும் என்று அதற்கு அர்த்தம். 0.9 மூடிக்குள் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. அதனால் ஊசி 95ஐத் தொட்டால் உலகம் முடிந்துவிடவில்லை. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால்தான் ஆபத்து. குக்கரை விசில் வரும் நேரத்தில் யாராவது திறப்பார்களா?

இன்ஜினை 90ஐ ஒட்டி வைத்திருக்க இரண்டு காவல்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தெர்மோஸ்டாட். இன்னொருவர் ஃபேனின் கட்டுப்பாடு. இருவரின் வேலையும் வேறு வேறு.

தெர்மோஸ்டாட் ரொம்பச் சாதாரணமான கருவி. ஒரு சின்ன உலோகக் குப்பியில் மெழுகு அடைத்திருக்கும். 82, 88 என்று அது திறக்கும் சூடு அதன் மேலேயே பொறித்திருக்கும். அந்தச் சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கிறது. அதுவரை கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். திறந்த பிறகுதான் ரேடியேட்டருக்குப் போகும். மின்சாரம் இல்லை, வயர் இல்லை. பிரான்சில் மெக்கானிக்குகள் இதைக் 'கலோர்ஸ்தா' என்பார்கள். அங்கேயும் பழுதானால் மாற்றுகிறார்கள். கழற்றிப் போட்டுவிட்டு வெறும் கூட்டை மூடுவதில்லை.

அடுத்தது ஃபேன். கார் நல்ல வேகத்தில் போகும்போது ஃபேனுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஃபேன் தேவைப்படுவது வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும்தான். மே மாதத்து மத்தியானத்தில் இந்திரா காந்தி சதுக்கத்து சிக்னலில் நிற்கிறோம் பாருங்கள், அப்போது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறுகிறோமே, அப்போது.

பழைய அம்பாசடரை நினைவிருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். அதில் ஃபேன் தண்ணீர் பம்போடு சேர்ந்து பெல்ட்டில் ஓடியது. இன்ஜின் ஓடினால் ஃபேனும் ஓடும். வேறு கட்டுப்பாடு கிடையாது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் தலைகீழான ஏற்பாடு அது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடும், அதனால் ஃபேனும் மெதுவாகச் சுற்றும். காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் காற்று குறைவு. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே போதும் என்னும்போது ஃபேன் அசுர வேகத்தில் சுற்றி இன்ஜினின் சக்தியைத் தின்னும். மலையேறும் அம்பாசடர்கள் பானெட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நிற்பதும், டிரைவர் வாளியோடு ஓடைக்கு இறங்குவதும் அந்தக் காலத்துச் சாதாரணக் காட்சி.

இதற்கு ஒரு வழி 1960இல் வந்த பெஜோ 404 காரில் இருந்தது. ஃபேன் பெல்ட்டில்தான். ஆனால் நடுவே ஒரு மின்காந்தக் கிளட்ச். சூடு ஏறினால் மட்டும் கிளட்ச் பிடித்து ஃபேன் சுற்றும். தணிந்தால் விட்டுவிடும். பிரெஞ்சில் இதற்கு 'வான்திலாத்தேர் தெப்ரெயாப்ல்' என்று பெயர். விடுவிக்கக் கூடிய ஃபேன் என்று வைத்துக்கொள்ளலாம். லாரிகளிலும் பெரிய டீசல் வண்டிகள் பலவற்றிலும் இதே வேலையைச் சிலிகான் எண்ணெய் நிரப்பிய ஒரு கப்ளிங் செய்கிறது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்றின் சூட்டை ஒரு சுருள் தகடு உணர்ந்து, எண்ணெயை உள்ளே விட்டு ஃபேனைப் பிடிக்க வைக்கிறது. இரண்டிலும் கருத்து ஒன்றே. ஃபேன் எப்போதும் சுற்ற வேண்டியதில்லை. வேண்டும்போது சுற்றினால் போதும்.

நம் தெருக்களில் மாருதி 800 மாதிரியான சின்னக் கார்கள் பெருகியபோது நிலைமை இன்னும் மாறியது. 1983 இறுதியில் வந்த வண்டி அது. முன்சக்கர ஓட்டம், இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். இன்ஜினின் பெல்ட் பக்கம் மட்கார்டைப் பார்க்கும். ரேடியேட்டரோ முன்பக்கம். பெல்ட் போட்டு ஃபேனைச் சுற்ற வழியில்லை. எனவே இந்த வகைக் கார்களுக்குத் தனி மோட்டார் வைத்த மின்சார ஃபேன் வந்தது. மின்சாரம் என்று வந்துவிட்டால் அதை யார் போடுவது, யார் அணைப்பது என்ற கேள்வியும் வருகிறது.

முதலில் அந்த வேலையைச் செய்தது தெர்மோ சுவிட்ச். பிரெஞ்சுப் புத்தகங்களில் 'தெர்மோகோந்தாக்த்'. ரேடியேட்டர் தொட்டியில் ஒரு போல்ட் மாதிரி திருகியிருக்கும். உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய வளைந்த தகடு. குறிப்பிட்ட சூட்டில் அது 'டக்' என்று மறுபக்கம் வளைந்து மின் இணைப்பைக் கொடுக்கும். அதன் மேல் 95-90 அல்லது 92-87 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருப்பார்கள். 95இல் போடு, 90இல் அணை என்று பொருள்.

ஏன் இரண்டு எண்? ஒரே எண் வைத்திருந்தால் 95இல் ஃபேன் ஓடும், அரை டிகிரி குறைந்ததும் நிற்கும், உடனே மறுபடி ஓடும். நிமிடத்துக்கு முப்பது முறை போட்டு அணைத்தால் மோட்டார் எத்தனை நாள் தாங்கும்? நடுவில் விட்ட அந்த ஐந்து டிகிரி இடைவெளிதான் ஃபேனுக்கு மூச்சுவிட நேரம் தருகிறது. சிக்னலில் நிற்கும் காரில் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி, நின்று, மறுபடி ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். அது கோளாறு இல்லை. சட்டப்படி நடக்கும் வேலை.

அந்தச் சின்னச் சுவிட்ச் வழியாகவே முழு மின்சாரத்தையும் அனுப்புவது நல்லதில்லை. ஃபேன் மோட்டார் 10 முதல் 20 ஆம்பியர் வரை சாதாரணமாக இழுக்கும். அதனால் பெரும்பாலும் நடுவில் ஒரு ரிலே இருக்கும். இது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு, ஏனென்றால் எங்கள் அலுவலகம் மாதிரியே இருக்கிறது. பில்லில் கையெழுத்துப் போடும் அதிகாரியின் மேஜையில் ரொக்கம் இருக்காது. அவர் கையெழுத்து கருவூலத்துக்குப் போகும், பணம் அங்கிருந்து வரும். சுவிட்ச் போடுவது கையெழுத்து. பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக, ரிலேயின் கனத்த முனைகள் வழியாக ஓடுவது பணம்.

இன்றைய கார்களில் கையெழுத்துப் போடுபவர் கம்ப்யூட்டர். இ.சி.யு. என்கிறார்கள். இன்ஜினில் ஒரு சென்சார் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பல கார்களில் 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருக்கும். 80 டிகிரிக்கு வந்தால் முந்நூறு ஓமுக்குப் பக்கம் இறங்கிவிடும். இந்தத் தடையைப் படித்து இ.சி.யு. சூட்டைக் கணக்கிட்டு ரிலேயைப் போடுகிறது. ஏ.சி. போட்டால் கண்டென்சருக்குக் காற்று வேண்டும் என்பதால் இன்ஜின் சூடாகாவிட்டாலும் ஃபேனை ஓட்டுகிறது. சில வண்டிகளில் மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று என இரண்டு வேகம். புதிய வண்டிகள் சிலவற்றில் தேவைக்கேற்ப ஏறி இறங்கும் வேகம்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். அந்தச் சென்சாரின் வயர் அறுந்துவிட்டால் இ.சி.யு. என்ன செய்யும்? வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். கணக்குப்படி இன்ஜின் உறைபனிக்கும் வெகு கீழே இருப்பதாக அர்த்தம். புதுச்சேரியில் அப்படி நடக்காது, எங்கேயும் ஓடுகிற இன்ஜினில் நடக்காது. ஆகவே சென்சாரை நம்ப முடியாது என்று இ.சி.யு. முடிவு செய்கிறது. பல கார்களில் அப்போது அது ஃபேனை நிறுத்தாமல் ஓட்டிவிடுகிறது. கூடவே டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட விளக்கையும் ஏற்றுகிறது.

கவனித்தீர்களா? ஃபேனை டைரக்ட் பண்ணுவது காருக்கே தெரியும். ஆபத்துக்கு அதுவும் அதைத்தான் செய்கிறது. ஆனால் செய்துவிட்டு விளக்கை ஏற்றிவைக்கிறது. "தற்காலிகமாக இப்படிச் செய்திருக்கிறேன், காரணத்தைப் பாருங்கள்" என்று குறிப்பு எழுதுகிறது. நம் ஊர் வைத்தியத்தில் குறிப்பு இல்லை. அங்கேதான் எனக்குச் சண்டை.

ஃபேன் ஓடவில்லை என்றால் காரணங்கள் பல. ஃபியூஸ் போயிருக்கலாம். ரிலே தேய்ந்திருக்கலாம். கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம், எங்களைப் போலக் கடற்காற்றில் வண்டி நிறுத்துபவர்களுக்கு இது சகஜம். மோட்டாரின் கார்பன் தீர்ந்திருக்கலாம். சென்சார் பழுதாக இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை சின்னச் செலவு. ஆனால் ஒரு காரணம் மட்டும் பொல்லாதது. கூலன்ட் எங்காவது கசிந்து குறைந்திருந்தால் சென்சார் தண்ணீருக்குள் இருக்காது, காற்றில் நிற்கும். காற்று அவ்வளவு சீக்கிரம் சூட்டைக் கடத்தாது. இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்போது சென்சார் "எல்லாம் நலம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஃபேன் வராது. ஊசியும் ஏறாமல் நிற்கலாம்.

அந்த வண்டியில் ஃபேனை டைரக்ட் பண்ணினால் என்ன ஆகும்? ஃபேன் பிரமாதமாகச் சுற்றும். கசிவும் தொடரும். எங்கள் உறவினர் ஒருவரின் காரில் இதுதான் நடந்தது. தண்ணீர் பம்பில் சின்னக் கசிவு. ஃபேன் வரவில்லை என்று கடையில் விட்டார், டைரக்ட் பண்ணிக் கொடுத்தார்கள். மாதம் ஒன்று ஆகவில்லை, திண்டிவனம் சாலையில் இன்ஜின் நின்றுவிட்டது. நின்ற பிறகும் ஃபேன் கம்பீரமாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்ததாம். அலுமினிய ஹெட் சூட்டில் கோணிவிட்டது. ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேஸிங், புது கேஸ்கெட், எண்ணெய், கூலி. கசியும் பம்பை அன்றே மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போலப் பல மடங்கு. முகப்பில் ஓடும் ஃபேனைக் காட்டி அவருக்கு நிம்மதி விற்றிருந்தார்கள். குளிர்ச்சியை விற்கவில்லை.

சென்சாரே பழுது என்றாலும் டைரக்ட் அதைக் குணப்படுத்தாது. அதே சென்சாரின் சொல்லைக் கேட்டுத்தான் பெட்ரோல் எவ்வளவு தெளிப்பது என்று இ.சி.யு. முடிவு செய்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்தால் கூடுதலாகத் தெளிக்கும். ஃபேன் சுற்றுகிறது என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். பெட்ரோல் பங்கில் மட்டும் முன்பைவிட அடிக்கடி நிற்பீர்கள்.

வயரிங் விஷயமும் உண்டு. டைரக்ட் வயரைப் பல இடங்களில் நான் பார்த்திருக்கிறேன். பாட்டரியிலிருந்து ஒரு மெல்லிய வயர், ஃபியூஸ் இல்லை, ரிலே இல்லை, இன்சுலேஷன் டேப் சுற்றி ரேடியேட்டர் ஓரமாகத் தொங்கும். அல்லது சாவி சுவிட்சின் வயரிலேயே சேர்த்திருப்பார்கள். 15 ஆம்பியர் மணிக்கணக்காக ஓடும் வயருக்கு ஃபியூஸ் இல்லாவிட்டால், மோட்டார் சிக்கிக்கொள்ளும் நாளில் வயர்தான் ஃபியூஸ். பானெட்டுக்குள் புகை வருவதற்கு இதைவிடச் சுலபமான வழி தேவையில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது பற்றி ஒரு வார்த்தை. "வெயில் நாட்டுக்கு எதற்கு?" என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். நம் ஊரில் வெளியே 38 டிகிரி என்று வையுங்கள். இன்ஜினுக்கு வேண்டியது 90. இன்னும் ஐம்பது டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் காலையில் கிளம்பும் வண்டி சூடேற வெகுநேரம் எடுக்கும். மழைக்கால நெடுஞ்சாலைப் பயணத்தில் ஏறாமலேயே போகலாம். இன்னொன்று: சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்குப் பாதையை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். குளிர்ச்சிக்காகக் கழற்றியது சூட்டைக் கூட்டும். ஃபேனையும் டைரக்ட் செய்து தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்ட வண்டி, நெடுஞ்சாலையில் குளிரில் நடுங்கும், மலைப்பாதையில் கொதிக்கும்.

"எங்க வண்டி பத்து வருஷமா டைரக்ட்லதான் ஓடுது, ஒண்ணும் ஆகலை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கூலன்ட் சரியாக இருந்து, தெர்மோஸ்டாட்டும் இடத்தில் இருந்தால், ஓயாமல் ஓடும் ஃபேனால் மட்டும் இன்ஜின் கெட்டுவிடாது. தெர்மோஸ்டாட் தன் அளவுக்கு மூடிக்கொண்டு சமாளிக்கும். மோட்டாரின் கார்பன் சீக்கிரம் தீரும், பாட்டரிக்குக் கொஞ்சம் சுமை கூடும், அவ்வளவுதான். ஆனால் அந்த மோட்டார் நிற்கும் நாளில் என்ன நடக்கும்? எப்போதும் ஓடும் ஃபேனின் சத்தத்தைக் காது கேட்காமல் விட்டுவிட்டிருக்கும். நின்றதும் தெரியாது. டாஷ்போர்டில் சுவிட்ச் வைத்துக்கொண்டவர்களுக்கு இதே கதை வேறு மாதிரி. வீட்டுக்காரர் நினைவாகச் சுவிட்சைப் போடுவார். மகனோ மருமகளோ வண்டியை எடுத்துப்போகும் நாளில் யார் போடுவது?

மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. காலையில் வண்டியை விட்டுவிட்டு "சாயந்தரம் கல்யாணத்துக்குப் போகணும்" என்று நிற்பவர்கள் நாம். சரியான சென்சார் அன்றைக்குக் கடையில் இருக்காது. சோதிக்கும் ஸ்கேனர் எல்லாக் கடையிலும் இல்லை. காரணம் தேட இரண்டு மணி நேரம் ஆனது என்று கூலி கேட்டால், "பார்த்ததுக்கு எதுக்குக் காசு?" என்று பேரம் பேசுவோம். புதுப் பொருள் மாட்டினால்தான் காசு கொடுப்போம் என்றால், தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை யார் செய்வார்கள்? டைரக்ட் நாமே கேட்டு வாங்கிய வைத்தியம்.

கார் தயாரிப்பாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. முன்பெல்லாம் சின்னக் காரில்கூட வெப்பநிலைக்கு ஒரு ஊசி இருந்தது. இன்று பல சின்னக் கார்களில் ஊசி இல்லை. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, எல்லை மீறினால் சிவப்பு விளக்கு. நடுவே நடப்பது எதுவும் ஓட்டுபவருக்குத் தெரியாது. சிவப்பு ஏறும்போது பெரும்பாலும் ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க மட்டுமே நேரம் இருக்கும். சூட்டை அளக்கும் சென்சார் ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது. இ.சி.யு. நொடிக்கு நொடி அதைப் படிக்கிறது. அதே எண்ணை உரிமையாளருக்கும் காட்டினால் என்ன குறைந்துவிடும்? பாட்டுப் போட இத்தனை பெரிய திரை வைக்கிறார்கள். அதில் ஒரு மூலையில் இரண்டு இலக்க எண்ணுக்கு இடமில்லையா? விலை குறைந்த வண்டி வாங்குபவனுக்குத்தான் ஹெட் கேஸ்கெட் செலவு அதிகம் வலிக்கும். அவனுக்குத்தான் ஊசி முதலில் வேண்டும்.

இதைச் சட்டமாகக் கேட்கும் நாள் வரும்வரை நாமே செய்துகொள்ளக் கூடியவை சில உண்டு. மாதம் ஒருமுறை, காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் டப்பாவில் மட்டம் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்க வேண்டும். அடிக்கடி ஊற்ற வேண்டி வந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் ஃபேன் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் மோட்டாரும் ஃபியூஸும் நலம் என்று ஓரளவு தெரியும். இரண்டு ஃபேன் உள்ள வண்டியில் இரண்டையும் பாருங்கள். இப்போதைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் மாட்டும் சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது. கைப்பேசியில் கூலன்ட்டின் சூட்டை எண்ணாகவே காட்டும். என் பேரன் மாட்டிக் கொடுத்தான். சிக்னலில் நிற்கும்போது எண் மெதுவாக ஏறுவதும், ஃபேன் சத்தம் கேட்டதும் இறங்குவதும் பார்க்க அலாதியாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடும், அல்லது நின்றது மறுபடி ஓடத் தொடங்கும். தண்ணீர் பம்ப் நின்றதும் உலோகத்தின் சூடு கூலன்ட்டில் இறங்குவதால் அப்படி. கோளாறு என்று பயப்பட வேண்டாம். ஆனால் பானெட்டைத் திறந்து ஃபேன் பக்கம் கைவிடவும் வேண்டாம்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது? வழியில் மாட்டிக்கொண்டு, வீடு சேர வேறு வழியில்லை என்றால் டைரக்ட் பண்ணித்தான் ஆக வேண்டும். கூலன்ட் நிறைவாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, ஃபியூஸ் வைத்து, பண்ணச் சொல்லுங்கள். அதன்பின் பில்லில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: "ஃபேன் தற்காலிகமாக டைரக்ட் செய்யப்பட்டது, காரணம் பார்க்க வேண்டும்." தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் அதையும் எழுதச் சொல்லி, அடுத்த வாரமே புதியது மாட்டுங்கள். காரணம் தேடியதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து பாட்டரியிலிருந்து ஃபேனுக்குத் தனி வயர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால், விலை பேசுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள்.